நர்ஸ், பராமரிப்பாளர் நியமனம்: எந்தப் பின்னணிச் சரிபார்ப்பை நம்புவது?

படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரால் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ள முடியாது. ஊசியில் ஏறுவது எந்த மருந்து என்று பார்க்கவும் முடியாது. ராத்திரி முழுக்க அவர் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதை அவருக்காக வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடம் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நான் இருந்தேன். நர்ஸ், வார்டு உதவியாளர், பராமரிப்பாளர், ஓட்டுநர் என எல்லோருடைய கோப்பும் என் மேசைக்கு வரும். கோப்பில் போலீஸ் சான்றிதழ் இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அது போதாது என்று புரியக் கொஞ்ச காலம் ஆனது.

மருத்துவமனையோ, முதியோர் இல்லமோ, வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் நிறுவனமோ நடத்துபவர்களுக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. விண்ணப்பிப்பவரே எழுதித் தரும் உறுதிமொழி, பெயரை வைத்துச் செய்யும் போலீஸ் சரிபார்ப்பு, கைரேகைச் சரிபார்ப்பு, உரிமம் பெற்றவர்களின் தொழில் பதிவேட்டையும் இந்த வேலைக்குத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலையும் (தடைப்பட்டியல்) பார்த்துவிட்டுப் பழைய வேலையிடத்தோடு பேசுவது, வேலைக்குச் சேர்ந்த பிறகும் தொடரும் கண்காணிப்பு. உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றில் ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தால் அதைச் செய்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் சட்டம் கேட்பது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் நேரத்தையும் பணத்தையும் எதில் போடுவது என்பதில்தான் நாம் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு தடவை ஆழமாகத் தோண்டுவதைவிட, பழைய வேலையிடத்தோடு பேசுவதற்கும் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் அதிகம் செலவிடுங்கள்.

உறுதிமொழிப் படிவம்

"என் மீது எந்தக் குற்றத் தீர்ப்பும் இல்லை" என்று விண்ணப்பிப்பவரே எழுதிக் கையெழுத்திடுவது. செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. மறைக்க நினைப்பவர் மறைத்துவிடுவார் என்பதும் வெளிப்படை. இங்கிலாந்தின் கென்ட் பகுதி மருத்துவமனைகளில் மின்பணியாளராக இருந்த டேவிட் ஃபுல்லர், வேலைக்குச் சேரும்போது தன் பழைய திருட்டுத் தண்டனைகளைச் சொல்லவில்லை. 1987-ல் இரண்டு பெண்களைக் கொன்றதற்காகவும், மருத்துவமனைப் பிணவறையில் இறந்தவர்களின் உடல்களிடம் பல ஆண்டுகள் அத்துமீறியதற்காகவும் 2021-ல்தான் அவர் தண்டிக்கப்பட்டார்.

அதற்காகப் படிவத்தைத் தூக்கிப்போட வேண்டாம். உண்மையைச் சொல்பவர்களுக்கு அது ஒரு வாய்ப்பு. இருபது வயதில் செய்த ஒரு தப்பை நேரில் எடுத்துச் சொல்ல முன்வருபவரோடு உட்கார்ந்து பேச முடியும். பொய் சொன்னது பின்னால் தெரியவந்தால், அந்தப் பொய்யையே காரணமாகக் காட்டி வேலையிலிருந்து எடுக்கலாம். படிவத்துக்கு அந்த அளவு பயன் உண்டு. வேறு எதையும் சேர்க்காமல் அதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளியிடம் அனுப்பக் கூடாது.

பெயரா, கைரேகையா?

பெயரை வைத்துத் தேடுவது வேகமானது, மலிவானது. ஆனால் பெயர் நிலையானதாக இருப்பதில்லை. திருமணத்துக்குப் பின் மாறுகிறது, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எழுதும்போது எழுத்து மாறுகிறது, ஒரே பெயரில் நூறு பேர் இருக்கிறார்கள். அதனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். குற்றம் செய்தவர் தப்பிவிடுவார். இன்னொருவருடைய குற்றம் அப்பாவி ஒருவர் தலையில் விழும். இரண்டாவது தவறைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த அப்பாவிக்கு வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதுகூடத் தெரியாமல் போகலாம்.

கைரேகை இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் நேரடியாக நோயாளியோடு பழகும் பணியாளர்களுக்குக் கைரேகைவழிச் சரிபார்ப்பைக் கேட்கின்றன. 2010-ன் சுகாதாரச் சட்டம் நீண்டகாலப் பராமரிப்புத் துறையில் அப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கட்டமைக்க மாநிலங்களுக்கு நிதி ஒதுக்கியது. சிக்கல், ரேகைக்குப் பின்னால் இருக்கும் பதிவில். அமெரிக்க அட்டர்னி ஜெனரலின் 2006 அறிக்கை ஒன்று, எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் மாநிலங்களுக்கு இடையிலான குற்றப் பதிவுகளில் ஏறக்குறைய பாதியில் வழக்கின் இறுதி முடிவு இல்லை என்றது. கைது செய்தார்கள் என்று இருக்கும், விடுதலை ஆனாரா தண்டனை பெற்றாரா என்பது இருக்காது. அதைப் படிக்கும் அலுவலகப் பணியாளர் கைதையே குற்றமாக எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

நடைமுறையில் இன்னொரு சின்ன விஷயம். நாள் முழுக்கக் கை கழுவுபவர்களின் ரேகை தேய்ந்திருக்கும். அனுபவமுள்ள நர்ஸ்களின் ரேகையை இயந்திரம் ஏற்காமல் மறுபடி எடுக்க வேண்டி வரலாம். அதற்கு நாள் ஒதுக்கிவையுங்கள், அவர்களைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள்.

பெயர், கைரேகை இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று இருக்கிறது. அந்தத் தேதி வரை, அந்த எல்லைக்குள், நீதிமன்றத்துக்கோ காவல்துறைக்கோ வந்த விஷயத்தை மட்டும்தான் அவை சொல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றப் பதிவைச் சரிபார்க்கும் அரசு அமைப்பான டி.பி.எஸ். தரும் சான்றிதழில் காலாவதித் தேதி என்று ஒன்று கிடையாது. அச்சான நாளன்று இருந்த நிலை அது, மறுநாளுக்குப் பொறுப்பில்லை. வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துப் பதிவும் அதில் வராது. அதனால் வெளிநாட்டில் இருந்தவரிடம் அந்தந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பதிவேடும் பழைய வேலையிடமும்

நான் அதிக நேரம் எடுத்துப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். காரணம், மருத்துவத் துறையில் நடந்த பெரும் கொடுமைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், போலீஸ் பதிவு தடுத்திருக்கக்கூடியவை குறைவு.

ஹரால்ட் ஷிப்மனை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஹைட் நகரில் குடும்ப மருத்துவராக இருந்தவர். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த பொது விசாரணை, அவர் கையால் இறந்தவர்கள் 215 பேர் என்று கண்டது. அவருக்கு 1976-லேயே குற்றப் பதிவு இருந்தது. பெதடின் என்ற போதைதரும் வலிநிவாரணி ஊசிமருந்துக்காகப் பொய்யான மருந்துச்சீட்டு எழுதியதற்கு அபராதம் கட்டியிருந்தார். மருத்துவக் கவுன்சிலுக்கும் அது தெரியும். பதிவு இருந்தது, பார்த்தவர்களும் இருந்தார்கள். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்ற நர்ஸ் 16 வருடங்களில் ஒன்பது மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்திலும் வேலை பார்த்தார். 2003 டிசம்பரில் பிடிபட்டார். 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சில இடங்களில் அவர் மேல் சந்தேகம் வந்தது, விலகச் சொன்னார்கள், சில இடங்களில் நீக்கினார்கள். அடுத்த மருத்துவமனை கேட்டபோது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்பதை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார்கள். வழக்கு வந்துவிடுமோ என்ற பயம். ஜெர்மனியில் நீல்ஸ் ஹோகல் என்ற நர்ஸின் கதையும் இதே மாதிரிதான். ஓல்டன்பர்க் மருத்துவமனையில் சந்தேகம் எழுந்த பிறகு நல்ல சான்றுக் கடிதத்தோடு வெளியே வந்து, டெல்மன்ஹார்ஸ்ட் மருத்துவமனையில் சேர்ந்தார். 2019-ல் 85 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் எலிசபெத் வெட்லாஃபர் என்ற நர்ஸ் 2014-ல் மருந்து கொடுப்பதில் செய்த தவறுகளுக்காக நீக்கப்பட்டார். தொழிற்சங்கத்தோடு ஏற்பட்ட சமரசத்தில் அவருக்குச் சான்றுக் கடிதமும் கிடைத்தது. இன்னொரு இல்லத்தில் வேலையும் கிடைத்தது. எட்டு முதியவர்களைக் கொன்றதை 2017-ல் அவர் ஒப்புக்கொண்டார்.

இவர்களைத் தடுத்திருக்கக்கூடிய தகவல் எங்கே இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் முந்தைய வேலையிடத்துப் பணியாளர் கோப்பில், யாரோ ஒரு தலைமை நர்ஸின் மனசில். காவல் நிலையத்தில் இல்லை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, பெயர்கள் வேண்டாம். "நடத்தை திருப்திகரம்" என்று ஒரு வரிக் கடிதத்தோடு வந்த பராமரிப்பாளரைச் சேர்த்துக்கொண்டோம். போலீஸ் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. சில மாதங்களில் ஒரு முதியவரின் கையில் தொடர்ந்து காயத்தடம் தெரிய ஆரம்பித்தது. விசாரித்தபோது, முந்தைய இடத்திலும் இதே காரணத்துக்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கடிதம் எழுதியவரிடம் போனில் கேட்டேன். "நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். நான் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் கையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். கடைசி இரண்டு வேலையிடங்களின் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் எண் விண்ணப்பித்தவரின் நண்பருடையதாக இருக்கலாம். நேரடி மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். ஏன் விலகினார், மருந்துக் கணக்கில் எப்போதாவது குறை வந்ததா, நோயாளியின் குடும்பத்திடமிருந்து புகார் வந்ததா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் விட்டுப்போன மாதங்களை அவரிடமே விசாரியுங்கள். பெரும்பாலும் பிள்ளைப்பேறு, உடல்நலம், குடும்பம் என்று நியாயமான காரணமாகவே இருக்கும்.

சட்டமும் இந்தப் பக்கம் மெல்ல நகர்ந்திருக்கிறது. கல்லன் வழக்குக்குப் பிறகு நியூஜெர்சி 2005-ல் கொண்டுவந்த சட்டம், பணியாளர் மீது நடவடிக்கை எடுத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அடுத்த முதலாளி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்கிறது. பிரிட்டனில், ஒருவரால் நோயாளிக்குத் தீங்கு என்று அவரை அந்த வேலையிலிருந்து எடுத்தால் டி.பி.எஸ்.-க்குத் தெரிவிப்பது கட்டாயம். அதன் தடைப்பட்டியலில் இருப்பவரைத் தெரிந்தே அந்த வேலையில் வைப்பது குற்றம். இந்தப் பட்டியலில் சேர நீதிமன்றத் தண்டனை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அரசு நிதியில் நடக்கும் சுகாதாரத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலை மாதாமாதம் புதுப்பிக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். நோயாளியைத் துன்புறுத்தியதற்காகத் தண்டனை பெற்றவர் குறைந்தது ஐந்து வருடம் அந்தப் பட்டியலில் இருப்பார். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தேடலைக்கூடச் செய்யாமல் ஆளை எடுப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

தொழில் கவுன்சிலின் பதிவேடும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் மருத்துவமனையில் 2003-ல் சேர்ந்த ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு அமெரிக்காவின் ஒரெகன் மாநிலம் முன்பே கட்டுப்பாடு விதித்திருந்தது. நியூயார்க் உரிமத்தையும் அவர் ஒப்படைத்திருந்தார். நியமித்தவர்கள் கவனிக்காத அந்தத் தகவலை ஒரு பத்திரிகையாளர் இணையத்தில் தேடி எடுத்தார். நோயாளிகளின் மரணத்துக்குக் காரணமானவர் என்று அவர் மீது வந்த தீர்ப்புகள் 2012-ல் மேல்முறையீட்டில் ரத்தாயின, அது வேறு விஷயம். உரிமத்தின் மீதிருந்த கட்டுப்பாடு நியமனத்துக்கு முன்பே எழுத்தில் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

இந்த வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு. உரிமம் தேவைப்படாத வேலைகளுக்குப் பதிவேடே இருக்காது. டேவிட் குவியட்கோவ்ஸ்கி என்ற மருத்துவமனைத் தொழில்நுட்பர், நோயாளிகளுக்கான ஃபென்டனில் என்ற போதைதரும் வலிநிவாரணி ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசிகளில் உப்புநீரை நிரப்பி வைத்தார். அவருக்கு இருந்த ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று பலருக்குத் தொற்றியது. ஓரிடத்தில் பிடிபட்டு நீக்கப்பட்டால் இன்னொரு மாநிலத்தில் சேர்ந்துவிடுவார். 2013-ல் 39 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். இப்படிப்பட்ட வேலைகளுக்குப் போன் விசாரணை இரட்டிப்பு முக்கியம்.

சேர்ந்த பிறகு

சேரும் நாளில் சுத்தமாக இருந்தவர் ஆறாவது வருடத்தில் தவறலாம். ஒரு தடவை மட்டும் பார்க்கும் எந்த முறைக்கும் இதற்குப் பதில் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர்களோடு வேலை செய்பவர்களுக்காக ஸ்காட்லாந்தில் 2011 முதல் நடக்கும் பி.வி.ஜி. திட்டம் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. உறுப்பினராகச் சேர்ந்தவர் மீது புதிதாக ஏதாவது பதிவானால் திட்டத்தை நடத்தும் அமைப்புக்குத் தகவல் தானாக வந்துசேரும். தேவைப்பட்டால் வேலையிடத்துக்கும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளி சேவைத் துறைச் சரிபார்ப்பு ஐந்து வருடம் செல்லும். அந்தக் காலம் முழுக்கக் கண்காணிப்பும் உண்டு. இங்கிலாந்தில் 2013 முதல் இருக்கும் டி.பி.எஸ். புதுப்பிப்புச் சேவையில் வேலையிடம்தான் போய்ப் பார்க்க வேண்டும். தகவல் தானாக வராது. தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஸ்காட்லாந்து மாதிரியைத்தான் நான் சொல்வேன். போய்ப் பார்க்க வேண்டிய வேலை, வேலைப்பளுவில் கண்டிப்பாக மறந்துபோகும்.

அப்படி ஓர் ஏற்பாடு உங்கள் நாட்டில் இல்லையா? சரி, வருடம் ஒரு முறை புதிய உறுதிமொழி, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிய போலீஸ் சரிபார்ப்பு, மாதம் ஒரு முறை தடைப்பட்டியல் என்று நாள்காட்டியில் போட்டுவையுங்கள். ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற நர்ஸோ மருத்துவரோ தங்கள் மீது கடுமையான குற்றச்சாட்டு பதிவானால் ஏழு நாளுக்குள் தங்கள் தொழில் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதே விதியை உங்கள் வேலை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

பதிவு இருந்தால் உடனே மறுப்பதா?

சரிபார்ப்பில் ஏதோ வந்துவிட்டது. இப்போது இரண்டு வழி. பதிவு இருந்தால் கதவை மூடு என்பது ஒன்று. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பது இன்னொன்று.

முதல் வழி எளிது, யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் எவ்வளவு அநியாயம் நடக்கும் என்பதற்குப் பென்சில்வேனியா ஒரு சாட்சி. அந்த மாநிலச் சட்டம் சில குற்றங்களுக்கு முதியோர் பராமரிப்பில் வாழ்நாள் தடை விதித்தது. 1971-ல், 19 வயதில் கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவர், அதன்பின் பல பத்தாண்டுகள் மற்றவர்களைப் பராமரித்தே வாழ்ந்தவர், அந்தத் தடையில் சிக்கினார். அதே குற்றம் செய்து, சட்டம் வந்த நேரத்தில் ஒரே நிலையத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தவருக்கோ தடை இல்லை. 2003-ல் மாநில உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களைப் பொறுத்தவரை அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது.

ஆள் தட்டுப்பாடு உள்ள துறை இது. அமெரிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பு நிலையங்களில் 92 சதவீதத்தில் ஏதாவது ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவராவது இருந்தார். பணியாளர்களில் சுமார் 5 சதவீதத்தினர் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்குள் அதிகம் இருந்தது சொத்து தொடர்பான குற்றங்கள். இந்த எண்ணைப் படித்துப் பதறுபவர்களும் உண்டு. நான் இதைப் படிப்பது, பதிவு இருப்பது மட்டுமே நல்ல அளவுகோல் இல்லை என்று.

தனித்தனியாகப் பார்ப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012-ல் எடுத்துச் சொன்னதும் இவைதான். என்ன குற்றம், எவ்வளவு கடுமை? எத்தனை வருடம் ஆயிற்று? இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இரண்டாவது கேள்விக்கு ஆய்வும் துணை நிற்கிறது. நியூயார்க்கில் 1980-ல் முதல்முறை கைதானவர்களைப் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வு, 18 வயதில் வீடு புகுந்து திருடியதாகக் கைதானவர் சுமார் நான்கு வருடம் மறுபடி கைதாகாமல் இருந்தால், மீண்டும் கைதாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்றவர்களின் அளவுக்கே இறங்கிவிடுகிறது என்று கண்டது. கொள்ளைக்கு அது ஏறக்குறைய எட்டு வருடம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கு, ஓட்டுநர் வேலைக்குக் கவலை தரும், துணி துவைக்கும் பிரிவில் அவ்வளவு இல்லை. போதை மருந்துக்காகப் பொய்ச் சீட்டு எழுதியவரை மருந்து அலமாரிச் சாவியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஷிப்மன் விஷயத்தில் கேட்டிருக்க வேண்டியதும் அதுதான். சில குற்றங்களுக்கு மட்டும் நான் எந்தக் காலக் கணக்கும் பார்க்க மாட்டேன். குழந்தைகள், முதியவர்கள், உடலாலோ மனதாலோ தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர்கள் மீது செய்த வன்முறை, பாலியல் குற்றம். அவர்களுக்கு வாழ வேறு வேலைகள் இருக்கின்றன. படுக்கையில் இருப்பவருக்கு வேறு அறை இல்லை.

எனக்குத் தெரிந்தவரை எதை எங்கே

வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் என்றால் கைரேகையும் போன் விசாரணையும் இரண்டுமே வேண்டும். அங்கே மேற்பார்வை செய்ய இன்னொரு கண் கிடையாது. பெரிய மருத்துவமனைக்குக் கவுன்சில் பதிவேடும், தடைப்பட்டியலும், மருந்துக் கணக்கு பற்றிய விசாரணையும் முதலில். சிறிய முதியோர் இல்லம், பணம் குறைவு என்றால் பெயர்வழிச் சரிபார்ப்போடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் பழைய வேலையிடத்துக்குப் போன் செய்வதை மட்டும் விடவே கூடாது. எங்கேயாக இருந்தாலும் ஒப்பந்தத் தொழிலாளி, துப்புரவாளர், மின்பணியாளர், காவலாளி எல்லோரும் இதற்குள் வர வேண்டும். நோயாளியின் அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் கணக்கில் சேர்ந்தவர்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆகும்போது ஆளைச் சேர்க்காமல் காத்திருக்க முடியாத நிலை வரும். எல்லா இடத்திலும் வருகிறது. சட்டம் அனுமதித்தால் தற்காலிகமாகச் சேர்க்கலாம். அந்த நாட்களில் இரவுப் பணி வேண்டாம், மருந்து அலமாரி வேண்டாம், மூடிய அறையில் தனியாக விடவும் வேண்டாம். பக்கத்தில் எப்போதும் ஒரு மூத்தவர் இருக்கட்டும். யார் அந்த மூத்தவர் என்பதைப் பெயரோடு பணி அட்டவணையில் எழுதுங்கள்.